படலைக்கு முன்னால் ஒரு வாகனம்: இடம் யாருடையது, வழி யாருடையது?

சிவராத்திரிக் காலம் வந்துவிட்டால் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வசனங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும். படலைக்கு உள்ளே நிற்பவர், "என்ர வாசலில நிப்பாட்ட உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?" என்பார். வாகனத்தில் வந்தவர், "இது அரசாங்கத்தின்ர ரோட்டுத்தானே?" என்பார். இரண்டு பேரும் மனதார நம்பித்தான் பேசுகிறார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி, பாதி பிழை. அந்தப் பாதிப் பிழைகள் மோதுகிற இடத்தில்தான் சண்டை வருகிறது.

திருகோணமலையில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கோட்டை வாசல் பக்கமாகத்தான் வரவேண்டும். பின்னேரமானால் டச்சு பே கடற்கரைக்கு ஊர்ச்சனமே வந்துவிடும். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் காலம். உப்புவெளி, நிலாவெளி, புறாத்தீவு என்று வெளியூர் வான்கள் வரிசையாக வரும். பழைய நகரத்து ஒழுங்கைகளோ மாட்டு வண்டியும் சைக்கிளும் ஓடிய காலத்து அகலத்திலேயே கிடக்கின்றன. வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோவிலுக்கும் கடலுக்கும் ஆட்கள் வரத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு இரவை என்னால் மறக்க முடியவில்லை. அம்மாவுக்கு இழுப்பு கூடி மூச்சு எடுக்க முடியாமல் போனது. காரை வெளியே எடுக்கப் போனால், படலையை ஒட்டியபடி யாரோ ஒருவரின் வான். ஆள் இல்லை. ஹோர்ன் அடித்தோம், கத்தினோம், பக்கத்து வீட்டுக்காரர் கடற்கரை வரை ஓடித் தேடினார். கடைசியில் அம்மாவைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முனை வரை நடந்து, அங்கிருந்து ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மா பிழைத்தார். அந்த வானை நிறுத்தியவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். தான் மறித்தது என்ன என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் இதை அடியிலிருந்து விளக்கி எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

கிணறும் வள்ளமும்

ஒரு பொதுக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். ஊரில் யாரும் வந்து தண்ணீர் அள்ளலாம். கிணற்றுக்குப் பக்கத்து வீட்டுக்காரர், "என் வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது, ஆகவே என்னுடையது" என்று சொல்ல முடியாது. அதே நேரம், வாளியைக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்துவிட்டு நாள் முழுக்க அங்கேயே குந்தியிருந்து, "பொதுக் கிணறுதானே, எனக்கும் உரிமை உண்டு" என்று ஒருவர் சொல்லவும் முடியாது. கிணறு பொதுவானது என்றால் தண்ணீர் அள்ளுவது பொது. மற்றவரை அள்ளவிடாமல் செய்வது அந்தப் பொது உரிமைக்குள் வராது.

இப்போது திருக்கடலூர்ப் பக்கம் கரையில் இழுத்து வைத்த வள்ளங்களைப் பாருங்கள். கரை யாருக்கும் தனிச் சொந்தமில்லை. இடம் கண்ட இடத்தில் வள்ளத்தை ஏற்றலாம். ஆனால் பின்னால் ஒரு வள்ளம் நின்றால், அது கடலுக்கு இறங்குகிற பக்கத்தை மறித்து முன்னால் தன் வள்ளத்தை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். பின்னால் நிற்பவருக்கு அந்த மணல் சொந்தமில்லை. ஆனாலும் அந்த மணலுக்கு மேலால் கடலுக்குப் போக அவருக்கு ஒரு வழி வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இந்த இரண்டு உதாரணங்களுக்குள்ளும் முழு விஷயமும் இருக்கிறது. இடம் வேறு, வழி வேறு. என் படலைக்கு முன்னால் இருக்கும் வீதித் துண்டு என் இடம் இல்லை. அது என் வழி.

உறுதியிலேயே இருக்கும் சொல்

இந்த வேறுபாடு வெளியிலிருந்து வந்த புதுக் கருத்து என்று நினைக்கத் தேவையில்லை. வீட்டில் பழைய காணி உறுதி இருந்தால் எடுத்து வாசித்துப் பாருங்கள். காணியின் நான்கு எல்லையையும் சொல்லி முடித்த பிறகு, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்று தனியாக எழுதியிருப்பார்கள். காணி ஒன்று, வழி இன்னொன்று என்று எங்கள் முன்னோர் பிரித்தே எழுதினார்கள். இன்னொருவரின் காணிக்கு மேலால் நடந்து போக இருக்கும் உரிமை, அந்தக் காணியையே சொந்தமாக்குவதில்லை. ஆனால் அந்தக் காணிக்காரர் நினைத்தபடி மறிக்கவும் முடியாது.

இனி இந்தக் கட்டுரையில் வழியுரிமை என்று நான் சொல்வது இதைத்தான்: ஒரு இடத்துக்குச் சொந்தக்காரர் ஆகாமலே அதன் மேலால் போய்வர ஒருவருக்கு உள்ள உரிமை.

பொது வீதியில் வழியுரிமை எல்லோருக்கும் உண்டு. வீதி என்பதே போய்வருவதற்காகப் போடப்பட்டது. வாகனத்தை ஓரமாக விட்டுவிட்டுப் போவது அந்தப் போய்வரவுக்கு இடைஞ்சல் இல்லாத வரைக்கும் இடமளிக்கப்படுகிற ஒன்று. முதலாவது வீதியின் நோக்கம். இரண்டாவது அதற்குள் கிடைக்கும் வசதி. இரண்டும் முட்டிக்கொண்டால் நோக்கம்தான் முன்னுக்கு நிற்கும். "அரசாங்கத்தின் ரோட்டு" என்ற வாதம் இந்த இடத்தில்தான் பிசகுகிறது. ரோட்டு பொதுவானது என்பதாலேயே அதில் என் வீட்டுக்குள் போகும் வழியும் அடங்கியிருக்கிறது.

வீதி யாருடையது?

இதில் நீண்ட நேரம் நிற்கத் தேவையில்லை. ஆனால் முறைப்பாடு செய்யப் போகிறவர் தெரிந்திருக்க வேண்டும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கண்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஏறும் ஏ-6, அனுராதபுரத்திலிருந்து வரும் ஏ-12, மட்டக்களப்பிலிருந்து வரும் ஏ-15 மூன்றும் இந்த வகை. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் உள்ளூராட்சி சபையுடையவை. இவை எதிலும் சேராத நான்காவது வகை ஒன்று இருக்கிறது: காணி பிரித்தபோது சொந்தக்காரர்கள் தங்களுக்குள் விட்டுக்கொண்ட தனியார் பாதை. அதற்குச் சட்டம் வேறு மாதிரி என்பதால் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

வீட்டுக்கு முன்னால் ஓடும் கான், அதன் மேல் போட்ட சிலாப்பு, ஓரத்து மண் கரை எல்லாம் நாங்கள் கூட்டித் துப்புரவாக்கி வருவதால் எங்களுடையவை ஆகிவிடுவதில்லை. அங்கே கல் அடுக்குவது, பூச்சட்டி வைப்பது, சங்கிலி கட்டி இடம் பிடிப்பது எல்லாம் வீதியை நாங்களே மறிப்பதுதான். அடுத்தவர் செய்த பிழையைத் தடுக்க நாங்கள் அதே பிழையைச் செய்துவிடுகிறோம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வீட்டுக்கு முன்னால் இருக்கும் வீதி வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை, ஆகவே அதை ஒதுக்கி வைக்க அவருக்கு உரிமை இல்லை. வாகனத்தோடு வந்தவருக்கும் அது சொந்தமில்லை, ஆகவே அதை அடைத்து வைக்க அவருக்கும் உரிமை இல்லை. இருவருக்கும் இருப்பது போய்வரும் உரிமை.

மறிப்பு எங்கே தொடங்குகிறது?

மிகக் கூடுதலாகப் பிழைத்து விளங்கப்படுவது இதுதான். "நான் படலையை மறிக்கவே இல்லையே, தள்ளித்தானே நிறுத்தினேன்" என்று சொல்கிறவர்கள் பலர். அவர்கள் பொய் சொல்வதில்லை. படலைக்கு நேரே பார்த்தால் வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் கார் வெளியே வராது.

ஒரு கட்டிலை அறைக்குள் கொண்டுபோன அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். கதவு மூன்று அடி, கட்டிலைச் சரித்தால் இரண்டு அடிதான். ஆனாலும் நுழையாது. ஏனென்றால் கதவுக்கு வெளியே இருக்கும் நடை ஒடுக்கம். கட்டிலைத் திருப்ப இடம் இல்லை. கதவின் அகலம் மட்டும் போதாது, கதவுக்கு வெளியே எவ்வளவு வெறும் இடம் இருக்கிறது என்பதும் வேண்டும். கார் ஒரு விறைத்த கட்டில். நடுவில் வளையாது.

அளவோடு பார்ப்போம். எங்கள் ஒழுங்கை 12 அடி அகலம். படலை 10 அடி. சின்னக் கார் ஒன்று சுமார் 11 அடி நீளமும் 5 அடி அகலமும் வரும். இப்போது படலைக்கு எதிர்ப் பக்கத்தில், மதிலோடு ஒட்டி, ஐந்தரை அடி அகலமான வான் நிற்கிறது என்று வையுங்கள். வானை நிறுத்தியவர் பார்வையில் அவர் என் படலையைத் தொடவே இல்லை. மிச்சம் இருப்பது ஆறரை அடி. நான் காரை முன்னுக்கு எடுக்கிறேன். ஆறரை அடி வெளியே வந்ததும் மூக்கு வானில் முட்டப் போகிறது. அந்த நேரத்தில் காரின் மீதி நாலரை அடி இன்னும் படலைத் தூண்களுக்கு நடுவில் இருக்கிறது. திருப்பினால் பின்பக்கம் தூணில் உரசும். திருப்பாவிட்டால் வானில் இடிக்கும். கார் உள்ளே சிறைப்பட்டது.

இதற்குப் பின்னால் இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது திரும்பு ஆரை: ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போனால் வாகனம் போடும் வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள தூரம். சின்னக் கார்களுக்கே இது ஏறத்தாழ நாலரை மீற்றர், அதாவது 15 அடிக்குக் கிட்ட. வான்களுக்கு இன்னும் கூட. ஓட்டோவுக்கு மூன்று மீற்றருக்குள் அடங்கிவிடும். அதனால்தான் ஓட்டோ ஓட்டுகிறவருக்கு "இவ்வளவு இடம் இருக்கிறதே, எடுக்கலாமே" என்று தோன்றுகிறது. அவருடைய அனுபவத்தில் அது உண்மை.

இரண்டாவது உள்வெட்டு. வாகனம் வளையும்போது பின் சில்லுகள் முன் சில்லுகள் போன தடத்தில் போவதில்லை. அதைவிட உள்ளே வெட்டிக்கொண்டு போகும். நீளமான வாகனமென்றால் உள்வெட்டும் கூடும். உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டி ஓட்டியவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள்: முன்னுக்குத் தலை தப்பிவிடும், பின்னுக்குப் பெட்டி மதிலைத் தட்டிவிடும். ஆகவே படலைத் தூணுக்கு அடுத்து நிற்கும் வாகனம் தூணிலிருந்து ஒரு அடி தள்ளி நின்றாலும் போதாது. அந்த ஒரு அடியைப் பின் சில்லு விழுங்கிவிடும்.

திருகோணமலை உள்துறைமுகத்தை ஆழமானது என்று எல்லோரும் புகழ்வோம். ஆழம் மட்டும் இருந்தால் கப்பல் வர முடியாது. உள்ளே வந்த கப்பல் திரும்புவதற்கு விரிந்த நீர்ப்பரப்பும் வேண்டும். அது இருப்பதால்தான் அது நல்ல துறைமுகம். ஒரு படலையும் அப்படித்தான்.

ஆகவே மறிப்பு என்பது படலையின் அகலத்தோடு முடிவதில்லை. படலைக்கு நேரே, இரண்டு தூண்களுக்கும் பக்கத்தில் சில அடி, ஒடுங்கிய ஒழுங்கையென்றால் எதிர்ப் பக்கமும் சேர்ந்ததுதான் வழி. வீதி 20 அடிக்கு மேல் அகலமென்றால் எதிர்ப் பக்கத்துப் பிரச்சினை பெரும்பாலும் இல்லாமல் போய்விடும். ஆகவே ஒரே தூரத்தில் நிறுத்திய வாகனம் பெரிய வீதியில் இடைஞ்சல் இல்லாமலும், ஒழுங்கையில் முழு மறிப்பாகவும் இருக்கலாம். அகலமான நெடுஞ்சாலைகளில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரியாமல் போவது இயல்பு.

"ஐந்தே நிமிஷம்"

இன்னொரு குழப்பம் நேரத்தைப் பற்றியது. இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொண்டால் போதும். நிறுத்தல் என்பது சாரதி இருக்கையில் இருக்க, ஆள் ஏற்ற இறக்கச் சற்று நிற்பது. தரித்தல் என்பது வாகனத்தை விட்டுவிட்டுப் போவது. முதலாவதில் ஹோர்ன் அடித்தால் வாகனம் நகரும். இரண்டாவதில் நகராது. ஐந்து நிமிஷமா ஐந்து மணித்தியாலமா என்பதைவிட, அசைக்கக்கூடிய ஆள் உள்ளே இருக்கிறாரா என்பதுதான் முக்கியம்.

வாகனத்தை விட்டுப் போகிறவருக்குத் தன்னுடைய ஐந்து நிமிஷம் தெரியும். வீட்டுக்குள் இருப்பவருக்கு அது தெரியாது. வானைக் கண்ட நேரத்திலிருந்து, இவர் இப்போதே வருவாரா, கோவில் பூசை முடிந்துதான் வருவாரா, இரவு தங்கவே வந்தவரா என்று ஒன்றும் விளங்காமல் அவர் நிற்கிறார். வீட்டில் நோயாளி இருந்தால் அந்த நிச்சயமின்மை எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். 1990க்கு அடித்து அம்புலன்ஸ் வந்தாலும், அது ஒழுங்கைக்குள் நுழைய வழி வேண்டும்.

கண்ணாடிக்குக் கீழே, வெளியே தெரியும்படி, ஒரு துண்டுக் கடதாசியில் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்துவிட்டுப் போகிறவர்களை இப்போது காண்கிறேன். அதைப் பார்த்தவுடனேயே கோபம் பாதி தணிந்துவிடுகிறது. அந்த இலக்கம் தரித்தலை ஏறக்குறைய நிறுத்தலாக மாற்றிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் என்றதும் பலர், "படலைக்கு முன்னால் நிறுத்தக் கூடாது என்று பலகை போட்டால்தானே குற்றம்?" என்று கேட்கிறார்கள். நீங்கள் போடும் பலகை சட்டத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் அது பயனில்லாததும் இல்லை. நிறுத்துகிறவருக்கு அது அறிவித்தல். "எனக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல இடம் வைக்காது. வெளியூர்ச் சனம் கூடுதலாக வரும் ஊரில் மூன்று மொழிகளிலும் எழுதி, எழுத்து வாசிக்காதவருக்கும் விளங்க ஒரு காரின் படமும் போட்டால் நல்லது.

வீதியில் வாகனம் நிறுத்துவதும் தரிப்பதும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்குக் கீழே வருகிற விஷயம். போக்குவரத்துப் பொலிஸார் வந்து பார்த்து, உரிமையாளரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வதும் தண்டப் பத்திரம் எழுதுவதும் இந்த வழியில்தான். நாளாந்தப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடும்.

அதற்கு மேல் தண்டனைச் சட்டக்கோவையில் 330ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவர் எந்தத் திசையில் போக உரிமை உள்ளவரோ, அந்தத் திசையில் அவர் போக முடியாதபடி வேண்டுமென்றே தடுப்பதை அது குற்றமாக்குகிறது. இதை முறையற்ற தடுப்பு என்று சொல்லலாம். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, வேண்டுமென்றே என்ற சொல். அறியாமல் நிறுத்திவிட்டுப் போனவருக்கும், "எடுக்க மாட்டன், செய்யிறதைச் செய்" என்று நிற்பவருக்கும் இங்கே வித்தியாசம் வருகிறது. இரண்டு, இந்தப் பிரிவு பேசுவது ஆளைத் தடுப்பதைப் பற்றி. கார் வெளியே வராவிட்டாலும் ஆள் நடந்து வெளியேற இடம் இருந்தால் இந்தப் பிரிவை வைத்து வாதாடுவது எளிதாக இராது. ஆகவே ஒவ்வொரு முறையும் இதைத் தூக்கிப் பிடிப்பது சரியான வழி இல்லை என்பது என் எண்ணம்.

வாகனம் ஒன்று வாரக் கணக்கில் ஒரே இடத்தில் கிடந்து, பொது வீதியில் போகிற எல்லோருக்கும் இடைஞ்சலாக இருந்தால் கதை வேறு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி, பொதுமக்கள் பயன்படுத்தும் பாதையில் உள்ள சட்டவிரோதத் தடையை அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை ஒன்றைப் பிறப்பிக்கலாம். பழுதாகிக் கைவிடப்பட்ட லொறி ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நிற்பது போன்ற நிலைமைகளுக்கு இது பொருந்தும். ஒரு மாலை நேரம் நின்ற காருக்கு இது தேவையில்லை.

சுருக்கமாக: சாதாரணத் தரிப்பு மறிப்புக்குப் போக்குவரத்துப் பொலிஸ். வீம்புக்கு மறிப்பவருக்குத் தண்டனைச் சட்டம். நாட்கணக்கில் கிடக்கும் தடைக்கு நீதவான் நீதிமன்றம்.

ஒழுங்கை தனியார் பாதையாக இருந்தால்

மட்டிக்களி, உவர்மலை, பாலையூற்றுப் பக்கங்களில் காணி துண்டு துண்டாகப் பிரிந்த இடங்களில், வரைபடத்தில் பாதை என்று காட்டப்பட்டிருக்கும் ஒழுங்கைகள் சில சபையிடம் ஒப்படைக்கப்படாமல் இன்னும் தனியாருடையதாகவே இருக்கலாம். இங்கே வழியுரிமை உறுதியிலிருந்தும் நில அளவைப் படத்திலிருந்தும்தான் வருகிறது. முதலில் செய்ய வேண்டியது அவை இரண்டையும் எடுத்துப் பார்ப்பது. பாதையின் அகலம் எத்தனை அடி, யார் யாருக்கு உரிமை என்று அங்கே எழுதியிருக்கும்.

உறுதியில் இல்லாவிட்டாலும் உரிமை வரலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பத்து வருஷம் இடைவிடாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், உரிமையோடு பயன்படுத்தி வந்த பாதைக்கு உரிமை கோரலாம். ஒவ்வொரு முறையும் "அண்ணை, உங்கட வளவுக்காலை போகட்டோ?" என்று கேட்டுப் போனது இந்தக் கணக்கில் சேராது. வெளியேற வேறு வழியே இல்லாத காணிக்கு அவசியப் பாதை என்றும் ஒன்று உண்டு. இவற்றை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். ஒரு சட்டத்தரணியைப் பார்க்காமல் இறங்குவது நல்லதில்லை.

இப்படிப்பட்ட பாதையில் ஒருவர் நிரந்தரமாக வாகனத்தை விட்டு மறித்து, விஷயம் கைகலப்புக்குப் போகும் நிலை வந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு இருக்கிறது. பொலிஸார் அறிக்கை போடலாம், அல்லது பாதிக்கப்பட்டவரே சத்தியக் கடதாசியோடு நேரடியாக நீதிமன்றம் போகலாம். பாதை யாருடையது என்ற இறுதித் தீர்ப்பை இந்த நீதிமன்றம் தராது. அந்தத் தீர்ப்பு வரும் வரை யாரும் யாரையும் மறிக்கக் கூடாது என்று கட்டளையிடும். சமாதானம் குலையாமல் காப்பதே அதன் வேலை.

அயலவர்களுக்கு இடையிலான பிணக்கென்றால் மத்தியஸ்த சபையை மறக்க வேண்டாம். இணக்க சபை என்று ஊரில் சொல்வார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய அயலவரோடு வழக்குப் பேசுவதைவிட, அங்கே மூன்று பேர் முன்னிலையில் இருந்து கதைப்பது எவ்வளவோ மேல்.

வாகனம் நிற்கிறது. இப்போது?

அவசரம் இல்லையென்றால் முதலில் பத்து நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். கண்ணாடிக்குக் கீழே இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் கல்யாண வீடோ சாமத்திய வீடோ செத்த வீடோ இருந்தால் அங்கே போய்ச் சொல்லலாம். கோவில் திருவிழாவென்றால் எங்கள் ஊரில் ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது: வாகன இலக்கத்தை எழுதிக்கொண்டு போய் ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்தால், "இந்த இலக்க வாகனத்தின் உரிமையாளர் உடனடியாக வாகனத்தை அகற்றவும்" என்று அறிவிப்பார்கள். சில நிமிஷத்தில் ஆள் ஓடி வருவார். கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் இதைவிட விரைவான வழி நான் கண்டதில்லை.

ஆள் வந்தால், முதல் வசனம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் மிச்சமும் போகும். "ஆரைக் கேட்டு இங்க விட்டனீர்?" என்று தொடங்கினால் இடத்தைப் பற்றிய சண்டை ஆரம்பமாகிவிடும்; அந்தச் சண்டையில் உங்கள் பக்கம் பலமில்லை, ஏனென்றால் இடம் உங்களுடையது இல்லை. "தம்பி, கார் வெளியில எடுக்கோணும், கொஞ்சம் முன்னுக்கு விடுங்கோ" என்றால் வழியைப் பற்றிய பேச்சு. அதில் உங்கள் பக்கம் முழு நியாயம் இருக்கிறது.

ஆள் வராவிட்டால் கைபேசியில் இரண்டு படம் எடுங்கள். ஒன்றில் வாகன இலக்கம் தெளிவாகத் தெரிய வேண்டும். மற்றதில் படலையும் வாகனமும் வீதியின் மற்றக் கரையும் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஏன் வெளியே எடுக்க முடியவில்லை என்பதை அந்த இரண்டாவது படம்தான் காட்டும். நேரத்தையும் குறித்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குச் சொல்லுங்கள். உயிர் ஆபத்தென்றால் யோசிக்காமல் 119. வாகன இலக்கத்தை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்கப் பொலிஸாரால் முடியும்.

செய்யவே கூடாதது ஒன்று இருக்கிறது. காற்றைத் திறந்துவிடுவது, கண்ணாடியை உடைப்பது, ஆணியால் கீறுவது, நாலு பேர் சேர்ந்து தூக்கி இழுத்து வைப்பது. வாகனம் பிழையாக நின்றாலும் அது இன்னொருவரின் சொத்து. சேதம் வந்தால் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றவாளி நீங்கள். இன்னொன்றையும் யோசியுங்கள்: காற்றுப் போன வாகனம் உங்கள் படலைக்கு முன்னால் இன்னும் நீண்ட நேரம் நிற்கும்.

நிறுத்துகிறவர் பக்கத்திலிருந்து

நாங்களும் வேறு ஊருக்குப் போனால் நிறுத்துகிறவர்கள்தான். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும்போது நானே ஒழுங்கை ஒழுங்கையாக இடம் தேடியிருக்கிறேன். அப்படித் தேடும்போது கண்ணால் பார்த்தே ஒரு படலை வாகனம் போய்வருவதா என்று அறியலாம். கானுக்கு மேல் அகலமான சிலாப்பு போட்டிருந்தால் அது வாகன வழி. மண்ணில் சில்லுத் தடம் உள்ளே திரும்பியிருந்தால் அது வாகன வழி. துருப்பிடித்து மூடிக் கிடக்கும் படலையைப் பார்த்து, "இதைத் திறக்கிறதே இல்லைப் போல" என்று நினைத்துவிடக் கூடாது. கார் இல்லாத வீட்டுக்கும் ஒருநாள் அம்புலன்ஸ் வரவேண்டி வரலாம்; பவுசரில் தண்ணீர் வரலாம்; பெட்டியைச் சுமந்துகொண்டு வாகனம் வெளியே போகவும் வேண்டி வரலாம்.

அம்மாவின் அந்த இரவுக்குப் பிறகு எங்கள் மதிலில் படலையின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டேன். எங்கள் கார் உண்மையிலேயே வெளியே வர எவ்வளவு தேவை என்று பார்த்து, பக்கத்து வீட்டுத் தம்பியை வெளியே நிற்க வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்து அளந்து போட்ட கோடு. வீதியில் ஒரு கல்லும் வைக்கவில்லை. எதிர்ப் பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டு அவருடைய மதிலிலும் ஒரு கோடு.

போன சிவராத்திரிக்கு வந்த வான் ஒன்று கோட்டைத் தாண்டி நின்றது. சாரதி இறங்கினார், மதிலைப் பார்த்தார், திரும்ப ஏறி இரண்டு அடி பின்னுக்கு எடுத்தார். பிறகு படலைக்குள் கதிரையில் இருந்த அம்மாவைப் பார்த்து, "அம்மா, இது போதுமா?" என்று கேட்டார். அம்மா எழும்பி வந்து, கோட்டையும் வானையும் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காணும் தம்பி. போய்க் கும்பிட்டுட்டு ஆறுதலா வாங்கோ."